அப்பா எடுக்கச் சொன்ன பாட்டு

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் நாங்கள் நான்கு பேர் பங்க் ராக் (வேகமும் கோபமும் கலந்த ராக் இசை) குழு வைத்திருக்கிறோம். மேட்டூர்த் தண்ணீர், மீத்தேன், கஜா புயல், கொள்முதல் நிலையத்தில் நனையும் நெல் என்று டெல்டாவின் துயரங்களைப் பத்துப் பாட்டாக்கி ஓர் ஆல்பம் தயாரிக்கிறோம். டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவன். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாததால் சம்பா வயலில் இறங்கிப் பிணம் தூக்கிப் போவதைப் பற்றி அவன் ஒரு பாட்டு எழுதியிருக்கிறான். அந்த வயல்களில் ஒன்று எங்களுடையது. "இந்தக் கூச்சலை யார் கேட்கப் போகிறார்கள்? மற்ற ஒன்பதையும் பாடிக்கொள், அதை மட்டும் எடுத்துவிடு. நான் ஊரில் தலைகாட்ட வேண்டாமா?" என்கிறார் அப்பா. என்ன செய்வது?

பதில்: அன்புத் தம்பி, அப்பாவுக்காக அந்தப் பாட்டை எடுக்காதீர்கள். பத்தில் உங்கள் வீட்டுக்குள் யாரையாவது சுட்டது அது ஒன்றுதான். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கவில்லை என்று பாடினால் ஊரே தலையாட்டும், அப்பாவும் ஆட்டுவார். மீத்தேனை எதிர்த்தாலும் அப்படித்தான். அவையும் பாட வேண்டியவையே. ஆனால் அந்தக் கோபமெல்லாம் பெங்களூருக்கும் டெல்லிக்கும் போய்விடுகிறது, ஊருக்குள் ஒன்றும் தங்குவதில்லை.

பங்க் இசைக்கு இதில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1976இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் மேடையில், புகழ்பெற்ற ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறி வந்த மக்களுக்கு எதிராகப் பேசினார். கறுப்பினத்தவரின் புளூஸ் இசையை வாசித்துப் பெயர் வாங்கியவர் அவர். அதைக் கண்டித்து இசை இதழ்களுக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்றிலிருந்துதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' (இனவெறிக்கு எதிராக ராக்) இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் தி கிளாஷ் என்ற பங்க் குழுவும் ஸ்டீல் பல்ஸ் என்ற கறுப்பின ரெகே குழுவும் ஒரே மேடையில் ஏறின. எங்கோ இருக்கும் எதிரியைத் திட்டி அந்த இயக்கம் தொடங்கவில்லை. தங்கள் துறையின் பெரிய பெயர் ஒன்றைக் கேள்வி கேட்டுத் தொடங்கியது.

கூச்சல் என்கிறார் அப்பா. சாவு வீட்டில் தப்புமேளம் அதிர்வதையும், ஒப்பாரி வைக்கும் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு நியாயம் கேட்பதையும் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்தானே அவர்? சென்னையில் 2018 முதல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராக்கையும் சேர்த்துச் சாதியைப் பற்றிப் பாடிவருகிறது. கேட்க ஆள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாட்டு வெளிவந்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அப்பாவின் கோபம் மட்டுமே. நண்பன் வீட்டு நிலைமை வேறு. நடவுக்கு அவன் அம்மாவைக் கூப்பிடாமல் விடலாம், அறுவடைக்கு அண்ணனை ஒதுக்கலாம். ஆகவே அவர்கள் வீட்டுக்கே போய், உட்கார்ந்து கேளுங்கள்: ஊர்ப் பெயர் வரலாமா, பாட்டு இப்போதே வரலாமா? வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுதான் முடிவு. அதைச் சொல்லும் உரிமை உங்கள் அப்பாவுக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை.

சரி என்றால், டிரம்ஸுக்குப் பின்னால் இருக்கும் அவனே பாடட்டும். எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருக்கட்டும். கார்த்திகை மழையில் முழங்கால் சேற்றில் நடக்கும்போது, பாடையின் முன்பக்கம் தூக்குபவரின் கால் புதைந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பாடை சரியும், மூங்கில் கழுத்தில் அழுந்தும், சடலம் நழுவாமல் இருக்கக் கூட வருபவர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். மறுநாள் பயிரை மிதித்துவிட்டதாக ஏச்சும் வரும். அந்த ஏச்சு பாட்டில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். சுருக்கமாகப் போதும்; 1976இல் வந்த, ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். கிதாரைக் குறைத்தாவது குரலை மேலே கொண்டுவாருங்கள்.

அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் வெளியிடும் முன் அவரிடம் போட்டுக் காட்டுங்கள்; டீக்கடையில் பிறர் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. சுடுகாட்டை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதி மக்களைத் தடுப்பதும், அவர்களைப் பொருளாதாரரீதியாகப் புறக்கணிப்பதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். 2015இல் வந்த திருத்தம் இவற்றை வெளிப்படையாகவே சொல்கிறது. அவரை மிரட்ட இதைச் சொல்லவில்லை. நண்பன் கேட்பது சலுகை அல்ல என்பதை அவர் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு வயல் விஷயத்தைப் பேசுங்கள். ஒரு பாடை போகும் அகலத்துக்கு உங்கள் வரப்பை விரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். மற்ற நிலக்காரர்களிடமும் பேச வேண்டியிருக்கும், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மனுவில் காலனிக்காரர்களோடு உங்கள் அப்பாவின் கையெழுத்தும் இருந்தால் அதன் பலமே வேறு. பாதை வந்துவிட்டால் இனி அந்தப் பாட்டு எதற்கு என்று ஊரில் சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியையும் உங்கள் நண்பனிடமே விட்டுவிடுங்கள்.