கரண்ட் வைக்கச் சொல்கிறார்களே, சம்மதிக்கலாமா?

மனநல வார்டில் பல காலம் நர்ஸாக இருந்தவள் என்பதால், ‘கரண்ட் வைப்பது’ பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். கடும் மனநோய்க்குத் தலையில் சில விநாடி மின்சாரம் கொடுத்து, மூளையில் வலிப்பை வரவழைக்கும் சிகிச்சைதான் (ECT) அது. தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஆளை நேரில் பார்த்த டாக்டரின் பேச்சுதான் முதல் பேச்சு.

கேள்வி (அம்பாசமுத்திரம்): சிஸ்டர், எங்கள் மதினிக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாப்பாடு, பேச்சு எதுவும் இல்லை. கையைத் தூக்கிவிட்டால் தூக்கினபடியே இருக்கிறார்கள். ஊசி போட்டும் சரியாகாததால் கரண்ட் வைக்கலாம் என்கிறார்கள். ஆச்சி ஒரேயடியாக மறுக்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கேட்டடோனியா என்கிற நிலை போல இருக்கிறது. மனநோயில் ஆள் பேச்சும் அசைவும் இல்லாமல் உறைந்துபோவது அது. இதற்கு லோராசெபாம் ஊசிதான் முதலில் போடுவார்கள். அதற்கு அசையாவிட்டால் இந்தச் சிகிச்சை. ஊசி கேட்காதபோது நன்றாகக் கைகொடுக்கும் வைத்தியம் இது. தண்ணீர் இறங்காமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆச்சி பயப்பட வேண்டியது அதற்குத்தான். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் பால் கொடுக்கலாம். மாத்திரைகளைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ஆள் துடிப்பதைத்தானே சினிமாவில் காட்டுகிறார்கள்?

பதில்: சினிமாக்காரர்கள் அந்தக் காட்சியை விடவே மாட்டார்கள். நடப்பதைச் சொல்கிறேன். முந்தின இரவோடு சாப்பாடு நிறுத்தம். காலையில் ‘ஒரு வாய் காபிதானே’ என்று ஊற்றிவிட்டால் அன்றைக்குச் சிகிச்சை இல்லை, மயக்கத்தில் புரையேறிவிடும். தலையில் எண்ணெய், பூ, கொண்டை ஊசி எதுவும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கரண்ட் சரியாக ஏறாது. பல்செட்டைக் கழற்றிவிடுவோம். மயக்க டாக்டர் முதலில் தூங்க வைப்பார், அப்புறம் தசை தளர்த்தும் மருந்து. அது உடம்பெல்லாம் பரவும் முன்பே ஒரு காலில் மட்டும் பிபி பார்க்கும் பட்டையை இறுக்கிவிடுவோம், மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. வாயில் பல் காக்கும் ரப்பர், மூக்கில் ஆக்சிஜன். கரண்ட் போவது சில விநாடிதான். அதனால் மூளையில் வரும் வலிப்பு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அந்தப் பாதம் மட்டும் துடிக்கும், வலிப்பு எத்தனை விநாடி என்று நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். உடம்பின் மற்ற பகுதியில் பெரிய அசைவே இருக்காது. முதல்முறை பார்க்க வரும் நர்ஸ் மாணவிகள், “முடிஞ்சிட்டா?” என்று கேட்பார்கள்.

மயக்க மருந்து இல்லாமல் நேரடியாக வைப்பது ஒரு காலத்தில் இருந்தது. 2017 மனநலச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. செலவு குறையும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): மூளை கருகிப் போகாதா? எப்படித்தான் வேலை செய்கிறது?

பதில்: கருகாது. குணப்படுத்துவது அந்த வலிப்பு. கரண்ட் அதைத் தொடங்கி வைப்பதோடு சரி. 1934இல் புடாபெஸ்டில் மெதுனா என்பவர் கற்பூர எண்ணெய் ஊசியால் வலிப்பை வரவழைத்துப் பார்த்தார். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அதையே மின்சாரத்தால் செய்தார்கள். வலிப்பு எந்த வழியாகக் குணமாக்குகிறது என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): அப்பாவுக்கு எட்டு முறை வைத்தார்கள். மனச்சோர்வு போய்விட்டது. ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனதே நினைவில்லை என்கிறார்.

பதில்: மறதி வரும். வராது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்கு முந்தின சில மாதங்களும்தான் பெரும்பாலும் அடிபடும். புதிதாகக் கற்பதில் உள்ள தடுமாற்றம் சில வாரங்களில் சரியாகிவிடும். அந்தக் கல்யாணம் மட்டும் திரும்பாமலே போகலாம், சிலருக்கு அப்படி நடக்கிறது. ஆல்பத்தைக் காட்டிப் பேசுங்கள், ‘இதுகூடத் தெரியலையா’ என்று கேட்காதீர்கள். தலையின் வலப்பக்கம் மட்டும் வைத்தால் மறதி குறையும். ஆனால் அவசர நிலையில் டாக்டர்கள் இருபக்கமும் வைக்கத்தான் விரும்புவார்கள்.

கேள்வி (சங்கரன்கோவில்): கோமதியம்மன் சன்னதியில் உட்கார வைத்துப் பார்க்கிறோம். கரண்ட் வைத்தால் சாமி குத்தம் ஆகுமா?

பதில்: ஆகாது. சன்னதிக்கும் போங்கள், புற்றுமண்ணும் பூசுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். புளியம்பட்டி அந்தோணியாரிடம் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஆளைக் கட்டிப்போடுவதை மட்டும் பொறுக்கமாட்டேன். 2001இல் ராமநாதபுரம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை.

கேள்வி (நாங்குநேரி): பதினாறு வயதுப் பையனுக்கு வைக்கலாமா?

பதில்: பதினெட்டுக்குக் கீழே என்றால் காப்பாளரின் சம்மதமும், அந்த 2017 சட்டப்படி அமைந்த மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

கேள்வி (தென்காசி): அம்மாவுக்கு எழுபது வயது, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது.

பதில்: வயது தடையில்லை. முதியவர்களின் கடும் மனச்சோர்வுக்கு நன்றாகவே கேட்கும். ஸ்டென்ட் எப்போது வைத்தது என்பதை மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள், இதய டாக்டரையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): எத்தனை தடவை? முடிந்ததும் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: வாரம் இரண்டு மூன்று வீதம் பொதுவாக 6 முதல் 12 வரை. நாலைந்தில் சிரிப்பு வந்துவிடும், உடனே ‘போதும்’ என்று ஊருக்குக் கூட்டிப்போவார்கள். அங்கேதான் கெடுகிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்களில் மாத்திரை இல்லாமல் விட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பிவிடுகிறது. மாத்திரையால் தலைசுற்றலோ தூக்கமோ வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். ராத்திரியில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.