இரட்டையர் ஆட்டம் சோறு போடுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பாட்மின்டன் இரட்டையரில் நன்றாக ஆடுகிறாள். உறவினர்களோ, "ஒற்றையர் ஆடினால்தான் எதிர்காலம்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, ஏற்காடு

பதில்: சேலம் அஸ்தம்பட்டியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், என்னிடமும் அடிக்கடி வரும் கேள்விதான் சகோதரி. ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் இரட்டையர் என்ற நினைப்பு இன்னும் ஒழியவில்லை. நம் நாட்டு ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் 2011-லேயே உலக சாம்பியன்ஷிப் பெண்கள் இரட்டையரில் வெண்கலம் வாங்கிவிட்டார்கள். ஆண்கள் இரட்டையரில் நம் சாத்விக்கும் சிராக்கும் 2023-ல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, உலகத் தரவரிசையில் முதலிடமும் பிடித்தார்கள்.

பரிசுப் பணத்தை இருவர் பங்கு போட வேண்டும், அது தெரிந்ததே. பெரிய தலைவலி வேறு: தரவரிசைப் புள்ளி ஜோடிக்குத்தான். கூட்டாளிக்கு முழங்கால் போனால் உங்கள் மகளும் வீட்டில்தான். அதனால் படிப்பை விட வேண்டாம். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் உண்டு.

மலை உயரத்தில் காற்று லேசு; சேலத்தில் அடிக்கும் இறகுப்பந்து அங்கே கோட்டைத் தாண்டி ஓடும். பந்து டப்பாவில் போட்டிருக்கும் வேக எண் குறைந்ததாக, அதாவது மெதுவாகப் போகும் பந்தாகப் பார்த்து வாங்குங்கள். வலைக்கு மேலே ஒரு சாண் விட்டு நூல் கட்டி, அந்த இடைவெளியில் சர்வீஸ் போட்டுப் பழகட்டும். இரட்டையரில் சர்வீஸ் கொஞ்சம் தூக்கினாலும் அடுத்த அடி நேராக நெஞ்சுக்குத்தான் வரும்.