தம்பி மகனின் படிப்புக்கு என் சேமநிதியை எடுக்கலாமா, செம்பனைத் தோட்டத்தை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். ஈப்போ தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த என் தம்பி இரண்டு ஆண்டுக்கு முன் 43 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டான். உயில் இல்லை. பேராக்கில் 4 ஏக்கர் செம்பனை இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. தம்பி மனைவி, நான்காம் படிவம் படிக்கும் 16 வயது மகன், எங்கள் அம்மா மூவரும் அங்கே இருக்கிறார்கள். தோட்டத்தைச் சித்தப்பா பார்க்கிறார். மாதாமாதம் கடிதம் எழுதுவார். பையனின் டியூஷன், அவனுடைய ஆஸ்துமா, உரம், கூலி எல்லாம் ஒரே தாளில் வரும். கடைசியில் 'கொஞ்சம் சேர்த்து அனுப்பு' என்று முடியும். நான் மாதம் 800 ரிங்கிட் அனுப்புகிறேன். பையனுக்கு மருந்தியல் படிக்க ஆசை. என் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கட்டுமா, நிலத்தை விற்கச் சொல்லட்டுமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். முதலில் பையனுக்கே உரிய பணம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை: சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்.

தம்பி தொழிற்சாலையில் சந்தா கட்டியவர், 60 வயதுக்கு முன் இறந்தவர். வேலையிடத்து விபத்தில் இறந்தால்தான் சொக்சோ பணம் என்று நம்மவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. போதிய சந்தா இருந்தால் மாரடைப்பு மரணத்துக்கும் 'பென்ஷன் பெனாகாட்' எனும் வாரிசு ஓய்வூதியம் உண்டு. இறப்புக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. மொத்தச் சந்தாவை வைத்துக் கணக்கிடும் வேறு வழிகளும் உண்டு. ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைக்கு. பிள்ளையின் பங்கு 21 வயது வரை வரும். பல்கலைக்கழகத்தில் இருந்தால் முதல் பட்டம் முடியும் வரை நீளும். தம்பி மனைவி ஏற்கெனவே இதை வாங்குகிறாரா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பையனின் பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றோடு இந்த வாரமே சொக்சோ அலுவலகம் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது நிலம். உயில் இல்லாததால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைக்குப் பாதி, உங்கள் அம்மாவுக்குக் கால். சித்தப்பாவுக்கோ உங்களுக்கோ எதுவும் இல்லை. 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத சொத்து என்றால் உயர்நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நிலம் இருக்கும் மாவட்டத்தின் நில அலுவலகத்தில் சிறு சொத்து மனுவாக 'போராங் ஆ' எனும் படிவம் கொடுத்தால் போதும். 2024 ஜூலை வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. இறப்புப் பத்திரம், கெரான் (நிலப் பட்டா) நகல், நிலவரி ரசீது, வாரிசுகளின் அடையாள அட்டைகளும் உறவுக்கான பத்திரங்களும் வேண்டும். வாரிசுகளில் ஒருவன் 18 வயது நிரம்பாதவன் என்பதால் தாயோடு உங்களையும் சேர்த்து இரண்டு நிர்வாகிகளை நியமிக்கக் கேளுங்கள். ஆள் ஒத்துவராவிட்டால் அமானா ராயா எனும் அரசு அறங்காவல் நிறுவனம் இருக்கிறது.

இழுத்தடித்தால் என்ன ஆகும்? நிலவரி பாக்கி நின்றால் 'போராங் 6ஆ' அறிவிப்பு இறந்தவர் பெயருக்கு வரும். யாரும் பிரிக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு ரசீதின் படத்தைச் சித்தப்பாவிடம் இன்றே கேளுங்கள்.

விற்பதைப் பற்றி: பையனுக்கு 18 ஆகும் முன் அவன் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். துண்டு போடுவதும் சிரமம். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் கீழே பிரிக்க முடியாது; உங்கள் அம்மாவின் கால் பங்கு ஒரு ஏக்கர், அதாவது 0.4 ஹெக்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பாதைக்குக் கொஞ்சம் விட்டாலே குறைந்துவிடும். பிரிக்காத பங்குகளாகப் பதிந்துகொள்வதே நல்லது.

இனி அந்தக் கடிதங்கள். சித்தப்பா ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டியூஷனும் இன்ஹேலரும் உரமும் ஒரே தாளில் கலந்தால் நேர்மையான மனிதருக்கே கணக்கு தப்பும். கடிதத்தோடு குலை வாங்கும் டீலரின் எடைச் சீட்டுகளை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, எடை, விலை, காய்க்குலைக்கும் ஈரத்துக்கும் பிடித்த கழிவு, எந்த எம்.பி.ஓ.பி. (மலேசிய செம்பனை வாரியம்) உரிமத்தின் பெயரில் விற்றது என்பது தெரிய வேண்டும். உரிமம் இன்னும் தம்பி பெயரில் ஓடினால் அதையும் சரிசெய்ய வேண்டும், எம்.எஸ்.பி.ஓ. எனும் நிலையான செம்பனைச் சாகுபடிச் சான்றிதழும் அதோடு போகும்.

ஒப்பிட ஒரு கணக்கு தருகிறேன். ஏக்கருக்கு 55 மரம் என்றால் 220 மரம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 டன் என்று நிதானமாக வைத்தால் மாதச் சராசரி 2 டன். எண்ணெய் பிழிதிறன், அதாவது குலையின் எடையில் கிடைக்கும் எண்ணெய், ஒரு சதவீதத்துக்கு 40 ரிங்கிட், 19 சதவீதம் என்றால் டன் 760, மாதம் 1,520. வெட்டுக்கூலி, லாரிக்கு டன்னுக்கு 120 என்றால் 240 போகும். உரம் மரத்துக்கு ஆண்டுக்கு 7 கிலோ, ஏறக்குறைய 31 மூட்டை. மூட்டை 100 ரிங்கிட் என்று பிடித்தால் மாதம் 260 அளவுக்கு விழும். மருந்தடிப்பு, நிலவரிக்கு 100. மிச்சம் 920. இதில் பையனின் பாதி 460. விலைகளும் கூலியும் நான் வைத்துப் பார்த்தவை. எம்.பி.ஓ.பி. வெளியிடும் அன்றைய விலையையும் உங்கள் சீட்டையும் வைத்து மாற்றிப் போடுங்கள்.

மிச்சமே இல்லை என்று கடிதம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். மரத்துக்கு வயது என்ன? 25-ஐத் தாண்டியிருந்தால் உயரம் கூடி, வெட்டுக்கூலி ஏறி, மறுநடவு நெருங்கியிருக்கும். புதுக்கன்று காய்க்க மூன்று ஆண்டு ஆகும் என்பதால் அந்த மூன்று ஆண்டும் பையனின் பல்கலைக்கழக ஆண்டுகளில் விழக் கூடாது. வெட்டுச் சுற்று எத்தனை நாளுக்கு ஒரு தடவை? 10 முதல் 15 நாள் சரி. அதை மீறினால் பழம் உதிர்ந்து புல்லில் கிடக்கும், அவசரப்பட்டால் காய்க்குலைக்குக் கழிவு விழும். மூன்றாவது, உரம் கடைசியாக எப்போது போட்டது? செம்பனையில் பூ ஆணாவதா பெண்ணாவதா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிறது. உரத்தை நிறுத்தியவருக்கு அன்று லாபம் போலத்தான் தெரியும். தம்பி போன பிறகு உரம் நின்றிருந்தால், அதன் அடி இப்போதுதான் எடைச் சீட்டில் தெரிய ஆரம்பிக்கும்.

ஆஸ்துமா அதிகம் செலவு வைக்க வேண்டிய நோய் அல்ல. அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணரிடம் ஐந்து ரிங்கிட். மூச்சு சீரானதும் தினசரித் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டு உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலரை மட்டும் நம்புவதால்தான் நள்ளிரவில் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். பணம் போவது அங்கேதான். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) எடுப்பதானால் ஆஸ்துமாவை மறைக்காமல் எழுதுங்கள். நிறுவனம் அதை விலக்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் கார்டே பயனில்லாமல் போகலாம்.

உங்கள் சேமநிதிக்கு வருவோம். இ.பி.எஃப். கல்விப் பணம் தம்பி மகனுக்குக் கிடைக்காது. ஃப்ளெக்ஸிபல் கணக்கிலிருந்து எடுக்கலாம், காரணம் கேட்க மாட்டார்கள். 47 வயதில் நான் அதைத் தொட மாட்டேன். உங்கள் 800-ஐ நிறுத்தவும் வேண்டாம், இடம் மாற்றுங்கள். டியூஷனுக்கும் மருந்துக்கும் ஆகும் தொகையைத் தம்பி மனைவியின் கணக்கில் நேராகப் போடுங்கள், மிச்சத்தைப் பையன் பெயரில் எஸ்.எஸ்.பி.என். எனும் கல்விச் சேமிப்புக் கணக்கில். பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனுக்கு அந்தக் கணக்கு எப்படியும் வேண்டும். ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரையிலான வரிக்கழிவு பெற்றோருக்குத்தான், பெரியப்பாவுக்கு இல்லை. தம்பி மனைவி வரி கட்டுபவரானால் பணத்தை அவர் கையால் போடச் சொல்லுங்கள்.

மருந்தியலுக்கு எஸ்.பி.எம். எனும் ஐந்தாம் படிவத் தேர்வுக்குப் பிறகு மெட்ரிகுலேஷன் அல்லது ஆறாம் படிவம் முதல் வழி, தனியார் ஃபவுண்டேஷன் கடைசி வழி. முடிவு வந்த வாரத்தில் கல்லூரி முகவர்கள் பதிவுக்கட்டணம் கேட்டு வருவார்கள். அரசு இடங்களின் முடிவு தெரியும் வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சித்தப்பாவுக்கு இந்த முறை நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள்.