பிள்ளைக்குத் தேன், அம்மம்மாவுக்கு ஊசி: இரண்டிலும் ஒரே நஞ்சா?

கேள்வி (கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்): எனது மகளுக்கு இப்போது நான்கு மாதம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவன்று அம்மம்மா வன்னித் தேனை மோதிரத்தில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். தேனில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமி இருக்கலாம் என்று கனடாவிலுள்ள அக்கா ஏசுகிறார். போன மாதம் அம்மம்மாவின் கண்ணிமைத் துடிப்புக்குக் கிளினிக்கில் போட்ட ஊசியின் பெயரும் பொட்டுலினம்தான். இரண்டும் ஒரே நஞ்சா? அவர் பிள்ளையைத் தூக்கலாமா? தேனைக் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தேனால் வரக்கூடிய பொட்டுலிசம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தன்னைக் காட்டிவிடும். நீங்கள் சொல்லும் நாளுக்குப் பின் மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. பிள்ளை நன்றாகப் பால் குடித்துக் கைகால்களை உதைத்து விளையாடுகிறாள் என்றால், அந்த ஒரு துளித் தேனை எண்ணி இனிக் கலங்க வேண்டியதில்லை. அம்மம்மா தாராளமாகப் பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம். ஊசி மருந்து ஒருவர் உடலிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை.

ஆனாலும் அக்கா சொன்னது சரியானதே. கிளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியா காற்றில்லாத இடத்தில் மட்டுமே பெருகும். காற்றுள்ள இடத்தில் அது தடித்த ஓடு போர்த்திய வித்தியாக மாறி, மண்ணிலும் தூசியிலும் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். நாங்கள் பெரியவர்கள் இந்த வித்திகளை உணவோடு அறியாமலே விழுங்குகிறோம். எங்கள் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் முழுதாக அமையவில்லை என்பதால், வித்தி அங்கேயே முளைத்து நஞ்சைச் சுரந்துவிடலாம். இந்த வகை நோய் 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில்தான் முதன்முதலாக இனங்காணப்பட்டது. எல்லாத் தேனிலும் வித்தி இருப்பதில்லை. தேனையே தொடாத குழந்தைகளுக்கும் மண், தூசி வழியாக இந்நோய் வந்திருக்கிறது. ஆகவே அம்மம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அவர் அன்பினால் செய்தது. தேன் மட்டும் முதற் பிறந்தநாள் கழியும்வரை காத்திருக்கட்டும்.

காய்ச்சினால் சரியாகுமா என்ற கேள்விதான் மிக முக்கியமானது, ஏனென்றால் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நஞ்சு என்பது ஒரு புரதம். உணவைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால் அது சிதைந்துவிடும். வித்தியின் கதை வேறு: 100 பாகை செல்சியஸில் மணிக்கணக்காகக் கொதித்தாலும் அது பிழைத்திருக்கக்கூடும். அதனால்தான் தகரத்திலடைக்கும் தொழிற்சாலைகள் அழுத்தத்தின் கீழ் 121 பாகையில் ஏறத்தாழ மூன்று நிமிடம் சூடாக்குகின்றன. தேனைக் காய்ச்சினால் அதன் மணம் போகும், வித்தி போகாது. வீட்டில் உள்ளியை நறுக்கிக் காற்றுப் புகாதபடி எண்ணெயில் அமிழ்த்திப் போத்தலில் அடைத்து மேசையிலேயே வாரக்கணக்கில் வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் அப்படி எண்ணெயிலிட்ட உள்ளியால் பலர் பொட்டுலிசத்தில் விழுந்தார்கள். நன்றாகப் புளிப்பேறிய தேசிக்காய் ஊறுகாயில் அந்தப் பயம் இல்லை, அமிலத்தில் வித்தி முளைக்காது.

குழந்தையில் இந்நோய் பெரும்பாலும் மலச்சிக்கலோடு தொடங்கும். பிறகு முலையை உறிஞ்சும் பலம் குறையும், அழுகை மெலிந்து பூனைக்குட்டியின் முனகல்போல் ஆகும், இமை தாழும், முகத்தில் சிரிப்பும் சுழிப்பும் மறையும். தூக்கும்போது தலை பின்னால் சரிந்து, கைகால்கள் ஈரத்துணிபோலத் தொங்கும். காய்ச்சல் இராது. மலச்சிக்கல் மட்டும் எத்தனையோ பிள்ளைகளுக்கு வரும், அதற்காகப் பதற வேண்டாம். அதனோடு இத்தகைய தளர்ச்சியும் சேர்ந்தால், பால் புகட்ட முயலாமல் உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், தேன் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஜென்ரமைசின் போன்ற சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் இந்தத் தளர்ச்சியை மோசமாக்கும் என்பதால், அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே மாற்றலாம்.

இனி அம்மம்மாவின் ஊசி. ஆம், அதே நஞ்சுதான். மனிதன் அறிந்த நஞ்சுகளுள் மிகக் கொடியதும் இதுவே. தசையைச் சுருங்கச் சொல்லும் அசற்றைல்கோலின் என்ற பொருள், நரம்பு நுனியில் நுண்ணிய பைகளில் காத்திருக்கும். அந்தப் பைகளை நுனியின் சுவரோடு இழுத்து இணைக்கச் சில புரதங்கள் கயிறுபோல உதவுகின்றன. நஞ்சின் ஒரு பகுதி நரம்பு நுனியைப் பற்றி உள்ளே நுழைய, நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்தின் அணுவைத் தாங்கிய மற்றப் பகுதி கத்தரிக்கோலாகி அந்தக் கயிற்றை வெட்டிவிடுகிறது. அந்தக் கயிறுகளுள் ஒன்றான, 206 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத்தின் வாலில் வெறும் ஒன்பதை இந்த நஞ்சின் ஏ என்ற வகை நறுக்குகிறது. அவ்வளவுதான், பை திறக்காது, தசை சோர்ந்துவிடும். 1992, 1993 ஆம் ஆண்டுகளில் இது தெளிவானபோது, வைத்தியர்கள் அதற்கு முன்பே அதை மருந்தாகப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். பழுதான இறைச்சிக் குழல்களை (சொசேஜ்) உண்டு மக்கள் இறப்பதை ஆராய்ந்த ஜெர்மன் வைத்தியர் யுஸ்தினுஸ் கெர்னர், இந்த நஞ்சு தசைகளின் அளவுமீறிய இயக்கத்தை அடக்க உதவலாம் என்று 1822இலேயே எழுதினார். கண் வைத்தியர் அலன் ஸ்கொட்டின் உழைப்பால் 1989இல் அமெரிக்கா அதை மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதித்தது.

வேறுபாடு அளவிலும் இடத்திலும் இருக்கிறது. குழந்தையின் குடலில் கிருமி ஓயாமல் நஞ்சைச் சுரக்கிறது, அது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. ஊசியில் கிருமியே இல்லை. சுத்திகரித்த நஞ்சின் நிறுக்க முடியாத அளவு சிறு துளி, இமையைச் சுற்றிய தசையில் மட்டும் நிற்கிறது. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே என் முன் அமர்ந்து மருந்துத் துண்டை வாசிக்க முயன்ற ஒரு மூதாட்டி, ஊசிக்குப் பின் இரண்டு கைகளாலும் துண்டைப் பிடித்து வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மருந்தின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. பலன் இரண்டு மூன்று நாட்களில் தெரியத் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் நிற்கும். நரம்பு தன்னைச் சீர்செய்து கொண்டதும் துடிப்பு திரும்பும், அப்போது மீண்டும் ஊசி தேவைப்படும்.

சில நாட்கள் இமை சற்றுத் தாழ்ந்திருந்தால் அது தானே சரியாகும். விழுங்கவோ பேசவோ மூச்செடுக்கவோ கடினமானால் மட்டும் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அடுத்த ஊசிக்குச் செல்லும்போது அம்மம்மா குடிக்கும் மருந்துகள் அனைத்தையும் பையோடு கொண்டுபோய்க் கிளினிக் வைத்தியரிடம் காட்டுங்கள்.