சங்குப்பூ நீலம் எங்கே போனது?

கேள்வி: அக்கா, வேலியில் பூத்த சங்குப்பூவைக் கொதிக்கவைத்து வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்தேன். அருமையான நீலம்! ஒரே சலவையில் சாம்பலாகிவிட்டது. மஞ்சளில் நனைத்த துணியோ சோப்புப் பட்டதும் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, பீடோர்

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, தங்கச்சி, பூவின் மேல்தான். சங்குப்பூ நாசி கெராபு என்ற மலாய் நீலச் சோற்றுக்குச் சரி, துணிக்கு ஆகாது. எலுமிச்சை பிழிந்தாலே ஊதாவாகிற சாயம் சோப்பில் எப்படி நிற்கும்?

மஞ்சள் கதை வேறு. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா? சுண்ணாம்பைப் போலச் சோப்பிலும் காரத்தன்மை உண்டு. வினிகர் கலந்த தண்ணீரில் அலசுங்கள், மஞ்சள் திரும்பும். ஆனால் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

பட்டும் கம்பளியும் சாயத்தைச் சட்டென்று பிடிக்கும். பருத்திக்கு உபசாரம் தேவை. முதலில் சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியை எடுங்கள். 200 கிராம் துணிக்கு 40 கிராம் கடுக்காய்த்தூள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். அலசாமல் பிழிந்துவிட்டு, 30 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் மறுபடி ஓர் இரவு. படிகாரத்தைக் கடையில் மலாயில் 'தாவாஸ்' என்று கேளுங்கள். அவசரப்பட்டு ஓர் இரவைக் குறைத்தால் நிறமும் குறையும். அவுரி நீலத்துக்குக் கடுக்காயும் படிகாரமும் வேண்டாம். ஆனால் அதைப் புளிக்கவைத்துப் பதம் பார்ப்பது தனிக் கலை.

முதல் முயற்சிக்கு மங்குஸ்தான் தோல் எடுங்கள். பழக்காலத்தில் சும்மாவே கிடைக்கும். காயவைத்து, துணியின் எடைக்குச் சமமாகப் போட்டு ஒரு மணி நேரம் காய்ச்சி வடிகட்டினால் நல்ல பழுப்பு.

எவர்சில்வர் பாத்திரம் முக்கியம். சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது, நான் அம்மாவின் துருப்பிடித்த இரும்புச் சட்டியில் காய்ச்சினேன். தேன் நிறத்துக்குக் காத்திருந்தேன், வந்தது மழையில் நனைந்த தகரக் கூரையின் நிறம். துவர்ப்புச் சாயத்தில் இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்று அப்போது தெரியாது. நான் அழ, அம்மா அந்தத் துணியை உதறித் தலையில் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போய்விட்டார். பால்கறை தெரியவில்லையாம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அத்தையும் அதே மாதிரி ஒன்று கேட்டார்.