கான்சாஸ் வரை இன்டர்ஸ்டேட், அதன் பிறகு யு.எஸ். 50

கேள்வி: மேரிலாண்டிலிருந்து கலிபோர்னியாவுக்கு வேலை மாறிப் போகிறோம். காரிலேயே போவதாகத் திட்டம். இன்டர்ஸ்டேட் என்ற விரைவுச் சாலைகளே வேண்டாம், பழைய நெடுஞ்சாலைகளில் நிதானமாகப் போகலாம் என்கிறார் மனைவி. கூட ஐந்து வயதுக் குழந்தை. இது நடக்கிற காரியமா?

பாதி தூரத்துக்கு நான் உங்கள் மனைவியின் கட்சி. மீதித் தூரத்துக்கு உங்கள் கட்சி.

உங்கள் மாநிலத்தில் ஓஷன் சிட்டியில், கடற்கரை ஓரமாக யு.எஸ். 50 என்ற பழைய நெடுஞ்சாலை புறப்படும் இடத்தில், 'சாக்ரமென்டோ 3073' என்று மைல் கணக்கோடு ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு மறுகரை வரை போய்விட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஆனால் வாஷிங்டனைத் தாண்டுவதற்குள் அந்த ஆசை தணிந்துவிடும். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் அது சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் புறநகர்க் கடைத்தெரு. மெத்தைக் கடை, டயர் கடை, மறுபடியும் மெத்தைக் கடை. மேற்கு வர்ஜீனியாவின் மலை வளைவுகள் அழகுதான், ஆனால் பின் சீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் வாந்தி நிச்சயம். அதற்கப்பால் ஒஹாயோ முதல் மிசௌரி வரை ஊர்கள் நெருக்கமாக இருப்பதால், நிம்மதியாக ஓட்டத் தொடங்கும்போதே அடுத்த ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு ஐ-70 என்ற இன்டர்ஸ்டேட் போதும். பால்டிமோரில் ஏறி கான்சாஸ் சிட்டி வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம் (ஓட்டுநர் தவிர).

கான்சாஸ் சிட்டியிலிருந்து ஐ-35 பிடித்து எம்போரியா போங்கள். அங்கே யு.எஸ். 50 தனியாகப் பிரிந்து மேற்கே திரும்பும். நீங்கள் கேட்கும் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்டர்ஸ்டேட்டுக்கும் பழைய யு.எஸ். சாலைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், வேகம் என்பார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். 1926இல் யு.எஸ். சாலைகளுக்கு எண் கொடுத்தபோது, ஏற்கெனவே ஊரையும் ஊரையும் இணைத்திருந்த சாலைகளைத்தான் கோத்தார்கள். அதனால் அவை ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து, நீதிமன்றம், வங்கி, தேவாலயம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வெளியேறும். 1956இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்த இன்டர்ஸ்டேட் நேர்மாறானது. குறுக்குச் சாலை கிடையாது, சிக்னல் கிடையாது, குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஏறி இறங்கலாம். ஊரை ஒதுக்கிவிட்டுப் போவதுதான் அதன் வேலை. அதைச் சரியாகவே செய்கிறது. ஒஹாயோவில் இறங்கினாலும் யூட்டாவில் இறங்கினாலும் அதே நான்கு உணவகப் பெயர்கள் உயரமான கம்பத்தில் சுழன்றுகொண்டிருக்கும்.

எம்போரியாவைத் தாண்டியதும் ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற புல்மேடுகள் வரும். ஒரு காலத்தில் நடு அமெரிக்காவை மூடியிருந்த உயரப் புல்வெளியில் இன்று நூற்றுக்கு நான்கு பங்குகூட மிச்சமில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மேட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லும் தீக்கல்லும் இருந்ததால் ஏர் இறங்கவில்லை, புல் பிழைத்தது. ஸ்ட்ராங் சிட்டிக்குச் சற்று வடக்கே தேசியப் புல்வெளிக் காப்பகத்தில் குழந்தையை இறக்கி ஓடவிடுங்கள். அதற்கும் மேற்கே தானியக் களஞ்சியங்கள் வெள்ளைக் கோபுரங்களாகத் தொலைவிலேயே தெரியும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊர் எங்கே என்று கணக்குப் போடுவோம். கின்ஸ்லி என்ற சிற்றூரில் ஒரு பலகை நியூயார்க் 1561 மைல், சான் பிரான்சிஸ்கோ 1561 மைல் என்கிறது. டாட்ஜ் சிட்டியும் கார்டன் சிட்டியும் மாட்டிறைச்சி ஊர்கள். ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொழுக்கவைக்கும் தொழுவங்களின் வாடை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். ஏசியை வெளிக்காற்று எடுக்காத நிலைக்கு முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

இந்த இருவழிச் சாலையில் எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். அது வணக்கம். நீங்களும் தூக்க வேண்டும்.

கொலராடோவில் சலைடாவுக்கு மேற்கே மோனார்க் கணவாய், 11,312 அடி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். அந்தப் பக்கத்தில் 'ரெகுலர்' என்று விற்கும் பெட்ரோல் பல இடங்களில் 85 ஆக்டேன்தான். கார் கையேடு 87 கேட்டால் பெட்ரோல் பம்பின் நடுப் பொத்தானை அழுத்துங்கள்.

பழைய சாலையின் உண்மையான பலவீனமும் இந்தப் பகுதியில்தான் தெரியும். 2024 ஏப்ரலில் ப்ளூ மேசா நீர்த்தேக்கத்தின் மேலுள்ள பாலத்தில் விரிசல் கண்டுபிடித்து யு.எஸ். 50ஐ மூடினார்கள். மாற்று வழி என்பது மலைகளைச் சுற்றிப் பல மணி நேரம். இன்டர்ஸ்டேட்டில் ஒரு பக்கம் பழுது என்றால் மறு பக்கத்தில் திருப்பிவிடுவார்கள். இங்கே அந்த வசதி அநேகமாகக் கிடையாது. கிளம்பும் காலையில் அந்தந்த மாநிலத்தின் சாலை நிலவரப் பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். பனிக் காலத்தில் இந்தப் பாதையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

யூட்டாவில் வேடிக்கை. யு.எஸ். 50 அங்கே ஐ-70 மேலேயே ஏறிக்கொள்கிறது. கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை நூறு மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாகப் பாறைகளைப் பிளந்துகொண்டு போகும் அந்தத் துண்டு எந்தப் பழைய சாலைக்கும் சளைத்ததல்ல. இன்டர்ஸ்டேட் என்றாலே அலுப்பு என்பவர்கள் அதில் போயிருக்க மாட்டார்கள்.

அடுத்தது நெவாடா. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 1986இல் ஒரு பத்திரிகை இதை அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை என்று எழுதியது, பாராட்டாக அல்ல. நெவாடாக்காரர்கள் அந்தப் பட்டத்தையே பலகையில் எழுதி வைத்து, ஊருக்கு ஊர் முத்திரை வாங்கிக்கொள்ள ஒரு சிறு கையேடும் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். தனிமைக்குக் காரணம் மலைகள். அங்கே பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு, வடக்குத் தெற்காக மலை, பள்ளம், மலை, பள்ளம் என்று வரிசையாக அமைந்துவிட்டது. ரயிலும் பிறகு ஐ-80உம் வடக்கே ஹம்போல்ட் ஆற்றைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் சமதளத்தில் போய்விட்டன. லாரிகளும் அங்கே போய்விட்டன. யு.எஸ். 50 மட்டும் ஒவ்வொரு மலையாக ஏறி இறங்குகிறது. உச்சிக்கு வந்ததும் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து, நடுவில் சாலை ஒரே கோடாக எதிர் மலை வரை தெரியும். அதில் ஒரு கார் வந்தால் நிமிடக் கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். இறங்கி, கடந்து, ஏறினால் அதே காட்சி, ஆனால் வெளிச்சம் மாறியிருக்கும். இது சிலருக்கு இரண்டாவது மலையிலேயே சலித்துவிடும். என் தம்பி தூங்கிவிட்டான். எனக்குச் சலிக்கவில்லை.

எல்லையைத் தாண்டியதும் பேக்கர் என்ற சின்ன ஊர். அதன் தலைக்கு மேல் 13,063 அடி உயர வீலர் சிகரமும் லேமன் குகைகளும் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்கா. ஓர் இரவு அங்கே தங்குங்கள், விளக்கொளி கலக்காத வானம். யுரேகாவும் ஆஸ்டினும் 1860களின் வெள்ளிச் சுரங்க ஊர்கள். யுரேகாவில் 1880இல் கட்டிய நாடக அரங்கு இன்னும் நிற்கிறது. ஃபாலனை நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் வெள்ளை உப்புத் தரை. போகிறவர்கள் கறுப்புக் கற்களைப் பொறுக்கி அதில் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மைல் கணக்கில் பெயர்கள், இதயக் குறிகள், கல்யாணத் தேதிகள். வண்டியை நிறுத்தினால் உப்பு காலடியில் நொறுங்குவது கேட்கும். தமிழ் எழுத்து ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. குழந்தையின் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.

எரிபொருள் கணக்கு முக்கியம். யூட்டாவின் டெல்டாவில் தொட்டியை நிரப்பாமல் கிளம்பக் கூடாது, மாநில எல்லை வரை ஒன்றும் இல்லை. நெவாடாவில் ஈலி என்ற ஊரிலிருந்து யுரேகா 77 மைல், அங்கிருந்து ஆஸ்டின் 70, அங்கிருந்து ஃபாலன் 110. கைப்பேசி பல இடங்களில் வேலை செய்யாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடச் செயலியில் 'நெடுஞ்சாலைகளைத் தவிர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உங்களை மண் சாலையில் கொண்டுபோய் விட்டாலும் விடும்.

பாதுகாப்பில் இன்டர்ஸ்டேட்தான் மேல். ஓடும் மைலுக்கு உயிரிழப்பு மிகக் குறைவாக இருப்பது அதில்தான். எதிர்வரும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே இங்கே இருப்பது ஒரு மஞ்சள் கோடு மட்டுமே. உங்கள் பக்கம் விட்டுவிட்டு வரையப்பட்டிருந்தால் முந்தலாம், தொடர்ச்சியாக இருந்தால் மாட்டு லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போக வேண்டியதுதான். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டினால் எதிர்ப்பக்கம் வருகிற நீங்களும் நிற்க வேண்டும். ஊருக்குள் வேக வரம்பு 65 திடீரென்று 25 ஆகும், அந்த இடத்தில் ஷெரிஃப் வண்டி நிற்பது தற்செயல் அல்ல. பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். மான் ஒரு பக்கம், நெவாடாவில் வேலியில்லா மேய்ச்சல் மாடு இன்னொரு பக்கம். அங்கே மாட்டை இடித்தால் சட்டம் மாட்டுக்காரர் பக்கம்தான்.

சாப்பாடு, சைவம் என்றால் கொஞ்சம் கஷ்டம். தென்மேற்குக் கான்சாஸில் நல்ல மெக்சிகோ உணவகங்கள் உண்டு, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெவாடாவில் உருளைக்கிழங்கும் சீஸ் ரொட்டியும்தான். நாங்கள் சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் வைத்திருந்தோம். சிற்றூர் மோட்டல்களில் பலவற்றைக் குஜராத்திக் குடும்பங்கள் நடத்துகின்றன. ஒரு முதலாளியம்மா கேட்காமலேயே தயிர் கொடுத்தார்.

நேரத்துக்கு வருகிறேன். எம்போரியாவுக்கு மேற்கே, நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 50 மைலுக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். ஐ-70, ஐ-80 வழியோடு ஒப்பிட்டால் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். புது வேலையில் சேரும் தேதி நெருக்குகிறது என்றால் கான்சாஸ், கொலராடோவின் பழைய சாலையை விட்டுவிடலாம், ஐ-70இலேயே யூட்டா வரை போய் நெவாடாவை மட்டும் பழைய சாலையில் கடக்கலாம். நெவாடாவை மட்டும் விடாதீர்கள். கடைசித் துண்டில் ஒரு எச்சரிக்கை: டாஹோ ஏரியிலிருந்து சாக்ரமென்டோவுக்கு ஞாயிறு பிற்பகலில் இறங்காதீர்கள். வார விடுமுறைக்கு மலையேறிய கூட்டம் முழுவதும் அப்போது அதே சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை இரவே கார்சன் சிட்டி வந்துவிட்டால், ஞாயிறு விடிகாலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் புது ஊர் போய்விடலாம்.