கன்றுக்குட்டி மண் தின்கிறது, சுவரை நக்குகிறது. தாது உப்பு கொடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகலாம். ஆனால் உப்பு வாங்கக் கிளம்பும் முன் குடற்புழு மருந்து கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசிக்கவில்லை.

எங்கள் செவலைக் கன்றுக்கு அப்போது இரண்டு மாதம். கொட்டகையின் சுண்ணாம்புச் சுவரை, நாக்கு எட்டும் உயரம் வரைக்கும் நக்கி நக்கிச் செங்கல் தெரிய வைத்துவிட்டது. மண், சாக்கு நுனி, கொடியில் காய்ந்த துணி எதையும் விடவில்லை. நான் ஒரு கிலோ தாது உப்பு வாங்கி, தினமும் கழனித் தண்ணீரில் கலக்கி வைத்தேன். பத்து நாளாகியும் அதே கதைதான். ஒருநாள் வாளியைக் கழுவும்போது பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். தாது உப்பில் இருக்கும் டைகால்சியம் பாஸ்பேட் (கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த பொடி) தண்ணீரில் கரையாதாம். கன்று மேல்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

அப்புறம் வந்த மாட்டு டாக்டர் முதலில் கேட்டதே குடற்புழு மருந்தைப் பற்றித்தான். உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடும். அதனால் பிறந்த பத்து, பதினைந்து நாளில் முதல் தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை மருந்து கொடுக்கச் சொன்னார். அளவு கன்றின் எடையைப் பொறுத்தது, டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பால்தான் குடிக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பாலில் கால்சியம், பாஸ்பரஸ் தாராளமாக உண்டு. இரும்பும் தாமிரமும் மிகக் குறைவு. பாலிலேயே நாளை ஓட்டினால் கன்று சோகை பிடித்து, முடி வெளிறி நிற்கும். இரண்டாவது வாரத்திலிருந்தே கன்றுத் தீவனத்தை ஒரு பிடி எடுத்து வாயில் தடவிப் பழக்குங்கள். நாங்கள் மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு அரைத்து, 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பும் 1 கிலோ சாதா உப்பும் சேர்க்கிறோம். கால் கிலோ தீவனம் தின்றால் 5 கிராம் தாது உப்பு தானாக உள்ளே போய்விடும். தனியாக ஊட்டுகிற வேலையே இல்லை.

பழகும்வரை, பால் குடித்து முடித்ததும் கொஞ்ச நேரம் வாய்க்கூடை கட்டிவிடுங்கள். நக்குகிற ஆசை அப்போதுதான் அதிகம்.

இன்னொன்று, பெரிய மாட்டுக்கு வாங்கும் மூட்டைத் தீவனத்தில் ஒரு கை அள்ளிப் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சிலவற்றில் யூரியா கலந்திருக்கும், இந்த வயசுக் கன்றுக்கு அது ஆகாது.